போராட்டக் கப்பலுக்கு ஃபயர் வாட்ச்

வெல்டிங் நடக்கிற இடத்தில் தீயணைப்பு சிலிண்டரோடு நிற்பதுதான் என் வேலை. கப்பல் யார்டில் அதற்கு ஃபயர் வாட்ச் என்று பெயர். பொறி எங்கே தெறிக்கிறது, அது விழுகிற இடத்தில் எண்ணெய்த் துணியோ பெயின்ட் டப்பாவோ கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெல்டர் முகமூடியைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போன பிறகும் நான் அரை மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டும். தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற சூடு ஆள் நகர்ந்த பிறகுதான் பற்றும். பார்க்கிறவர்களுக்கு இது சும்மா நிற்கிற வேலை. சித்திரை வெயிலில் இரும்புத் தகட்டின் மேல் ஒரு நாள் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

எங்கள் யார்டு காட்டுப்பள்ளியில் இருக்கிற பெரிய யார்டு இல்லை. உப்பங்கழி ஓரத்தில், டக் என்கிற இழுவைக் கப்பல், பார்ஜ் என்கிற சரக்குத் தோணி போன்ற சின்னக் கப்பல்களைத் தண்டவாளத்தின் மேல் கரைக்கு இழுத்து வேலை பார்க்கிற ஒரு ரிப்பேர் யார்டு. நான் இருப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள காலனியில். என் அப்பா அம்மா ஆரணிப் பக்கம் யாருடைய நிலத்திலோ நாற்று நட்டவர்கள். எனக்குக் கல்யாணம் ஆனபோது காலனியில் ஆண்கள் எல்லாரும் கம்பெனி வேலைக்கு மாறியிருந்தார்கள். என் கணவர் இரும்பு உருட்டுகிற ஒரு ரோலிங் மில்லில் ஃபிட்டர். சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நானும் கான்ட்ராக்டர் வேனில் ஏறிவிட்டேன்.

அந்தக் கப்பல் வரப்போகிற செய்தியை சூப்பர்வைசர்தான் சொன்னார். காலையில் ஹெல்மெட் போட்டு வரிசையில் நின்றிருந்தோம்.

"அடுத்த வாரம் ஒரு ஃபாரின் கப்பல் வருது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்ல லீக்கு. அடித் தகடும் மாத்தணும். இது சாதாக் கப்பல் இல்ல, போராட்டக் கப்பல்" என்றார்.

"இன்னா சார், போராட்டக் கப்பலா? சண்டக் கப்பலா?" என்று யாரோ கேட்டார்கள்.

"சண்ட இல்லம்மா. கடல்ல எண்ணெ எடுக்குறாங்க இல்ல, திமிங்கிலம் புடிக்கிறாங்க இல்ல, அங்க போய்க் குறுக்க நிப்பாங்களாம். கம்பெனிகாரங்களோட மல்லுக்கு நிக்கிற ஆளுங்க. அதனால யாரும் வாயத் தொறக்கக் கூடாது. இன்னா கேட்டாலும் நோ இங்கிலீஷ்னு சொல்லிட்டு நவுந்துடுங்க."

எனக்கு அது சுலபம். எனக்கு நிஜமாகவே இங்கிலீஷ் வராது.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அந்த மாதிரி ஆளுங்களுக்கா நீ நின்னுக்கினு இருக்கப் போற? போன வருஷம் புகை புகைன்னு போர்டு புடிச்சிக்கினு வந்தாங்களே, அவுங்களால தான மில்லு கேட்டை இழுத்து மூடுனாங்க? நான் ஊட்ல குந்திக்கினு இருந்தத மறந்துட்டியாமே?"

மறக்கவில்லை. அந்த நாட்களில் வீட்டில் குழம்பு வைத்ததே குறைவு. மில் திறந்தபோது புகையும் பழையபடி வந்தது. போர்டு பிடித்தவர்கள் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. அந்தக் கோபம் அவருக்கு அப்படியே இருந்தது. எனக்கும் கொஞ்சம் இருந்தது.

*

கப்பல் வந்த அன்று எல்லாருக்கும் ஏமாற்றம். பெரிய ஆட்களோடு மோதுகிற கப்பல் என்றால் அதற்கேற்ற உருவம் இருக்கும் என்று நினைத்திருந்தோம். ஒரு காலத்தில் ஏதோ குளிர்நாட்டில் மீன்பிடித்துக்கொண்டிருந்த கப்பலாம். நீல பெயின்ட் வெளிறி, நங்கூரம் உரசுகிற இடத்தில் துரு வழிந்திருந்தது. தண்டவாளத்தின் மேல் ஏற்றி நிறுத்தியதும் அடிவயிறு முழுக்கச் சிப்பியும் பாசியும் அப்பியிருந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

அதில் வந்தவர்கள் பல தேசத்துக்காரர்கள். வெளியிலிருந்து பார்க்கிற எங்களுக்கு முதலில் தெரிந்தது போசன்தான். கப்பலின் மேல்தளத்து ஆட்களுக்குத் தலைமை போசன். இந்தக் கப்பலில் அது ஒரு பெண். நரைத்த முடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டு, தோள் அகலமாக, நடந்தால் படிக்கட்டு அதிரும். கீழே இறங்கியதும் முதல் வேலையாகச் சுரண்டியை எடுத்துக்கொண்டு சிப்பியைச் சுரண்ட ஆரம்பித்தாள். எங்கள் ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவளோடு சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், கப்பலை நடத்துகிற அமைப்பின் ஆபீஸில் வேலை செய்கிறவள், மொழிபெயர்க்க. கல்லூரி முடித்து ரொம்ப நாள் ஆகியிருக்காது. எங்கள் எல்லாரையும் அக்கா என்றாள். மறுநாளே வெயிலில் மூக்கு உரிந்துபோனது.

பிரச்சினை பிளாஸ்டிங்கில் ஆரம்பித்தது. பழைய பெயின்ட்டை எடுக்க, கிரிட் என்கிற கறுப்பு மணலைக் காற்றழுத்தத்தில் கப்பல் மேல் அடிப்பார்கள். பெயின்ட்டும் துருவும் மணலுமாகப் பொடி பறக்கும். அடிக்கிற ஆளுக்கு மூடிய தொப்பியும் காற்றுக் குழாயும் உண்டு. கீழே விழுகிறதை வாரித் தள்ளுகிற பெண்களுக்கு முந்தானைதான். வாரியதில் பாதி கழியில் போய்ச் சேரும்.

போசன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்க் காற்றடிக்கிற கம்ப்ரஸரை நிறுத்தினாள். யாரையும் கேட்கவில்லை.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். சென்னைப் பெண் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னாள்.

"இவுங்களுக்கு மாஸ்க் எங்கன்னு கேக்குறாங்க சார். இந்தப் பொடி தண்ணிக்குள்ள போகக் கூடாதாம். சுத்தி தார்ப்பாய் கட்டணுமாம்."

"இதுவரைக்கும் எந்தக் கப்பல்காரனும் கேக்கலியே. தார்ப்பாய் வரவழைக்க ரெண்டு மூணு நாளாகும். ஸ்கெட்யூல் பேஜாராயிடும்னு சொல்லும்மா."

சொன்னாள். போசன் தலையாட்டினாள். பேஜாரானால் ஆகட்டும் என்று அர்த்தம்.

கிரிட் வாருகிறவர்களில் ஒரு அக்கா இருந்தாள். பழவேற்காட்டுப் பக்கம் ஊர். அவள் வீட்டுக்காரர் கழியில் இறால் பிடிக்கிறவர். யாருக்கும் பயப்படாத ஆள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நேராகச் சென்னைப் பெண்ணிடம் வந்தாள்.

"ஏம்மா, அந்தம்மாகிட்ட ஒண்ணு கேளு. வேல நின்னா எங்களுக்குக் கூலி யாரு தருவாங்க? பொடி மூக்குல போவுதுன்னு எங்களுக்குத் தெரியாதா? எங்க ஊட்டுக்காரரு வல போடுற கழியில தான் நான் வாரிக் கொட்டிக்கினு இருக்கேன். தெரிஞ்சி தான் கொட்றேன். நாளைக்கு அடுப்பெரியணுமே."

சென்னைப் பெண் கொஞ்சம் தயங்கித்தான் மொழிபெயர்த்தாள். போசன் கேட்டுக்கொண்டே வந்தவள், கவிழ்த்துக் கிடந்த ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்தாள். அவள் முகம் சிவந்தது. கோபத்தில் இல்லை. ஏதோ கேட்டாள். "இவுங்க தினக்கூலியா?" என்று பெண் எங்களைப் பார்த்துக் கேட்டாள். ஆமாம் என்றோம். போசன் எழுந்து படியேறிக் கேப்டனிடம் போனாள்.

கேப்டன் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. கப்பலை ஓட்ட ஜனங்கள் கொடுத்த காசு அது, தன் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது, ஆபீஸில் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றாராம். அன்றைக்கு நாங்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வேன் ஏறினோம். வழியெல்லாம் அந்த அக்கா திட்டிக்கொண்டே வந்தாள். நல்லது செய்கிறவர்கள் நம்மைக் கேட்டுவிட்டுச் செய்தால் என்ன என்றாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்தது. தார்ப்பாய் வருகிற வரைக்கும் வேலை நிற்கிற நாட்களின் கூலி கப்பல் கணக்கில். கான்ட்ராக்டர் கையில் போய் நின்றுவிடாமல் எங்களுக்கே வந்து சேர்ந்ததா என்று சென்னைப் பெண் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். வந்திருந்தது. தார்ப்பாயும் வந்தது, வடிகட்டி வைத்த மாஸ்க்கும் வந்தது. அக்கா மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, "பன்னி மூஞ்சி மாதிரி இருக்குது" என்றாள். ஆனால் கழற்றவில்லை. அன்று சாயந்திரம் வேனில், தன் எச்சில் கறுப்பாக வரவில்லை என்று எங்களிடம் சொன்னாள். அதுவரைக்கும் கறுப்பாக வரும் என்பதையே யாரும் பேசினதில்லை.

*

அடுத்த அதிசயம் பெயின்ட்டில் நடந்தது. அடிப்பாகத்துக்கு மட்டும்தான் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். மேலே பழசே இருக்கட்டும், அதற்குக் காசு ஒதுக்கவில்லை என்றார்கள். யார்டு மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. மேல்பாகத்தையும் இலவசமாக அடித்துத் தருகிறோம், பதிலுக்குக் கப்பலுக்கு முன்னால் எங்கள் போர்டை வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறோம் என்றார். சுற்றுச்சூழல் கப்பலே நம்பி வருகிற யார்டு என்று விளம்பரம் செய்யலாம் அல்லவா.

கேப்டன் கை குலுக்கி, நன்றி சொல்லி, முடியாது என்றுவிட்டார்.

டீ நேரத்தில் சூப்பர்வைசர் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். "ஓசில அடிச்சித் தரோம்ன்றோம், வேணாமாம். இன்னா மாதிரி ஜனங்க இதுங்க? டப்பு இல்லன்றாங்க, குடுத்தாலும் வாங்கிக்க மாட்டேன்றாங்க."

கப்பல்காரர்களே தங்கள் ஸ்டோரில் மிச்சமிருந்த நீலத்தைக் கலந்து பிரஷ்ஷால் அடித்தார்கள். பாதியில் தீர்ந்துபோனது. கப்பல் முன்பக்கம் ஒரு நீலமாகவும் பின்பக்கம் ஒரு நீலமாகவும் நின்றது.

எனக்கு அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் வால்பக்கத்தில் வெல்டிங் முடிந்து என் அரை மணி நேரக் காவலில் நின்றிருந்தேன். போசன் தகட்டைப் பார்க்க வந்தாள், சென்னைப் பெண்ணும் கூட வந்தாள். சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லை. கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, பெயின்ட் தான குடுத்தாங்க, வெஷமா குடுத்தாங்க? வாங்கிக்கினா இன்னா?"

"கம்பெனிங்ககிட்ட எதுவும் வாங்கக் கூடாதுன்னு ரூல் அக்கா. கவர்மென்ட்கிட்டயும் கிடையாது. வாங்கிட்டா, நாளைக்கு அவுங்க தப்பு பண்றப்போ எப்படிப் போய் நிக்கிறது?"

"அப்போ இந்தக் கப்பலுக்கு டீசல் யாரு போடுறது?"

"ஜனங்கதான். டீச்சருங்க, பஸ் ஓட்டுறவங்க, ரிட்டையர் ஆனவங்க, மாசாமாசம் ஆளுக்குக் கொஞ்சம் போடுறாங்க. என் ஆபீஸ்ல பாதிப் பேருக்கு அதான் வேலை. மால் வாசல்ல நின்னு போறவர்றவங்களக் கெஞ்சுறது. நானும் நின்னிருக்கேன். முக்காவாசிப் பேரு மூஞ்சியக் கூடப் பாக்க மாட்டாங்க."

நாங்கள் பேசுவது என்னவென்று போசன் கேட்டாள். பெண் சொன்னதும் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள்.

"அவுங்க அம்மாவும் மாசம் காசு போடுறாங்களாம். அதனால போன் பண்ணா, என் காசுல தான கப்பல் ஓடுது, ஊட்டுக்கு ஒருவாட்டி ஓட்டிக்கினு வாயேன்னு கேப்பாங்களாம்."

நானும் சிரித்தேன். ஆனால் அன்று வேனில் வரும்போது எங்கள் தெருதான் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மில்லின் பெயர் எழுதியிருக்கும். பள்ளிக்கூடத்து பெஞ்சில் இன்னொரு கம்பெனி. சர்ச் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் பந்தல் போடுவது மில், பக்கத்துத் தெரு அம்மன் கோயில் கூழ் ஊற்றுகிற விழாவுக்கு மைக் செட்டும் மில். துவைத்துக் காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டையில் கறுப்புத் தூள் படிந்திருந்த ஒரு நாள், நாலு பெண்கள் போய் மில் வாசலில் கேட்கலாமா என்று பேசினோம். "பந்தல் யாரு போட்டது?" என்று ஒருத்தி கேட்டாள். அதோடு பேச்சு முடிந்தது. யாரும் எங்களை மிரட்டவில்லை. வாங்கியவர்கள் எப்படிக் கேட்பது என்று எங்களுக்கே வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

*

கப்பல் கடலுக்குத் திரும்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்தவர்கள் குடும்பத்தோடு வந்து கப்பலைப் பார்க்கலாம் என்று கேப்டன் அழைத்தார். மேனேஜர் முதலில் யோசித்து, பிறகு ஒத்துக்கொண்டார். என் கணவர் வரமாட்டேன் என்றார். இன்ஜின் ரூமையும் காட்டுகிறார்களாம் என்றேன். சர்ச் முடிந்ததும் சட்டை கூட மாற்றாமல் கிளம்பினார்.

பிள்ளைகள் படியேறி இறங்கி விளையாடினார்கள். என் சின்னவள் கேப்டன் நாற்காலியிலிருந்து இறங்கமாட்டேன் என்றாள். என் கணவர் இன்ஜின் ரூமுக்குள் போனவர் வெளியே வரவேயில்லை. நான் இறங்கிப் பார்த்தேன். இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவ்வளவு பழைய இன்ஜினை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்களே என்றார். போசனும் சென்னைப் பெண்ணும் அங்கே இருந்தார்கள். திடீரென்று அவர் திரும்பி, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"மேடம்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லும்மா. நான் மில்லுல வேல செய்றவன். எங்க மில்ல மூடணும்னு சொல்ற ஆளுங்க தான நீங்க?"

போசன் கைத்துணியால் ஒரு குழாயைத் துடைத்தபடி யோசித்தாள். பிறகு நீளமாகப் பேசினாள். பெண் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"உங்க மில்லப் பத்தி எனக்குத் தெரியாது, அதனால மூடணும்னோ கூடாதுன்னோ சொல்ல மாட்டேன்றாங்க. நெறைய எடத்துல மூடச் சொல்லிருக்காங்களாம். சில எடத்துல அது சரிதானாம், அத மூடித்தான் ஆகணும். சில எடத்துல உள்ள வேல செய்றவங்ககூட உக்காந்து பேசாமலே போயி நின்னாங்களாம், அது தப்புன்றாங்க. தார்ப்பாய் விஷயத்துல இங்கயும் அதத்தான் பண்ணேன், அந்த அக்கா சொல்லித்தான் தெரிஞ்சுதுன்றாங்க." போசன் மேலும் ஏதோ சொல்ல, "உங்ககிட்ட ஒண்ணு கேக்குறாங்க. உங்க மில்லுல புகை ஏன் வருது?"

அவரை அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. புகை வருகிறது என்று சொன்னவர்கள் உண்டு, புகையே இல்லை என்று சாதித்தவர்கள் உண்டு. ஏன் என்று அவரிடம் யார் கேட்டார்கள்? அவர் ஹெல்மெட் போடுகிற இடத்தைச் சொறிந்துகொண்டார்.

"புகை இழுக்குற ஃபேன் இருக்குது. பெருசா, கூரை மேல. யாராச்சும் செக்கிங் வந்தா போடுவாங்க. மத்த நேரம் கரண்டு பில்லு ஏறுதுன்னு நிறுத்தி வெச்சிருக்காங்க. அத ஓட்டுனாலே பாதிப் புகை அடங்கிடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அப்படி ஒரு ஃபேன் இருப்பதே எனக்குத் தெரியாது.

"ஏங்க, இத எங்கிட்ட சொன்னதே இல்லியே?"

"நீ கேட்டியா?" என்றார்.

திரும்பி வரும்போது பைக்கில் மீஞ்சூர் தாண்டினதும், "நல்ல இன்ஜினு" என்றார்.

கப்பல் அந்த வாரம் தண்ணீரில் இறங்கியது. தண்டவாளத்தில் மெல்ல நழுவி, வால் முதலில் நனைந்து, பிறகு முழுசாக மிதந்தது. கப்பலிலிருந்து ஹாரன் அடித்தார்கள். போசன் தளத்தில் நின்று எங்களைப் பார்த்து ஏதோ கத்தினாள். சென்னைப் பெண் அதற்குள் ஆபீஸுக்குத் திரும்பியிருந்தாள், அதனால் என்னவென்று எங்களுக்குப் புரியவில்லை. அக்கா மட்டும், "சரி சரி, போய்ட்டு வா" என்று பதில் சொன்னாள்.

*

அடுத்து வந்தது ஒரு மண்வாரிக் கப்பல். துறைமுகத்தில் சேறு அள்ளுகிறது. காலையில் போய்ப் பார்த்தால் தார்ப்பாயெல்லாம் சுருட்டி ஷெட்டில் கிடந்தது. மாஸ்க்கும் இல்லை. "அது அந்தக் கப்பல்காரங்க கேட்டது. இவுங்க கேக்கல" என்றார் சூப்பர்வைசர்.

கிரிட் வாருகிற பெண்கள் துடைப்பத்தோடு வந்து நின்றார்கள், ஆனால் வாரவில்லை. அக்காதான் முன்னால் நின்றாள்.

"தார்ப்பாய் ஷெட்ல தான சார் இருக்குது. கட்டிட்டு ஆரம்பிக்கட்டும். நாங்களே கட்டுறோம்."

"உங்களுக்கு வேல வேணுமா வேணாமா?"

"வேணும். அதான் வந்துருக்கோம்."

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். பிளாஸ்டிங் நிற்கட்டும், வெல்டிங்கையாவது ஆரம்பிப்போம் என்றார். ஃபயர் வாட்ச் வேலையில் ஒரே ஒரு அதிகாரம் உண்டு. பக்கத்தில் ஃபயர் வாட்ச் நிற்காமல் எந்த வெல்டரும் வெல்டிங் கம்பியைத் தொடக்கூடாது. யார்டின் சட்டமே அதுதான். நான் அதுவரை அதை ஒரு அதிகாரமாக நினைத்துப் பார்த்ததில்லை.

நான் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு, போய் அக்கா பக்கத்தில் நின்றேன்.

சாயந்திரமே வேலை போய்விடும், வீட்டில் என்ன சொல்வது என்றுதான் நினைப்பு ஓடியது. வெல்டர் முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அவர் உட்கார்ந்ததே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

மேனேஜர் வந்தார். கத்தப்போகிறார் என்று எதிர்பார்த்தோம். அவர் சுருட்டிக் கிடந்த தார்ப்பாயைப் பார்த்தார், கழியைப் பார்த்தார், பிறகு சூப்பர்வைசரைக் கேட்டார். "போன கப்பல்ல தார்ப்பாயில விழுந்த கிரிட்ட இன்னாய்யா பண்ண?"

"மூட்டை கட்டி வெச்சிருக்கேன் சார்."

"சலிச்சா மறுபடி அடிக்கலாமா?"

"ஒரு வாட்டி அடிக்கலாம் சார்."

கழியில் போவதும் தான் காசு கொடுத்து வாங்கிய மணல்தான் என்று மேனேஜருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "கட்டிட்டு ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்க் அந்த வாரக் கடைசியில் வந்தது, அதுவும் எங்கள் பெண்கள் தினம் போய்க் கேட்ட பிறகு. நியாயத்துக்காக ஒத்துக்கொண்டாரா, மணலுக்காக ஒத்துக்கொண்டாரா என்று அக்காவிடம் கேட்டேன். "எதுக்கா இருந்தா இன்னா? கழிக்கு வித்தியாசம் தெரியுமா?" என்றாள். இப்போது எந்தக் கப்பல் வந்தாலும் முதலில் தார்ப்பாய்தான் ஏறுகிறது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் கணவர் திட்டவில்லை. அந்த மாதம் யூனியன் கூட்டத்தில் எழுந்து ஃபேன் விஷயத்தைப் பேசினார். மேடைப் பேச்சு அவருக்கு வராது. ரெண்டு வார்த்தைதான் பேசினாராம். ஆனால் பேசியது ஃபிட்டர், அந்த ஃபேனுக்கு கிரீஸ் வைக்கிற கை. அதனால் யாராலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. பகல் ஷிப்டில் ஓட்டுகிறோம் என்று மில்காரர்கள் சொன்னார்கள். ஓட்டினார்கள். ராத்திரி ஷிப்டுக்கு மட்டும் மழுப்பினார்கள்.

எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் பேசினோம். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குகிற நாளில் போய்க் கொடுப்பது என்று முடிவானது. ஜில்லா தலைநகரம் என்றுதான் பெயர், கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் போக பெரியபாளையம் சுற்றிப் பஸ் மாறி மாறிப் போக வேண்டும். ஒரு வேன் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. ஒரு கட்சிக்காரர் தானே வேன் ஏற்பாடு செய்கிறேன் என்றார், நல்ல மனுஷன்தான். நான் எழுந்து, "வேணாம்ண்ணே, நாங்களே பாத்துக்கிறோம்" என்றேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சர்ச் பக்கத்திலிருந்தும் அம்மன் கோயில் தெருவிலிருந்தும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். முடியாதவர்கள் நாஷ்டா கட்டிக்கொண்டு வந்தார்கள்.

போகிற வழியெல்லாம் நெல் வயல். அறுப்புக்கு நின்றது. வேனில் என் கணவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து இன்ஜின் சத்தத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். பின்சீட்டில் பெண்கள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். பெரியவர்கள் யாராவது பேசுங்கள் என்று ஆபீஸில் சொன்னால் யார் பேசுவது என்று சண்டை வந்தது, கடைசியில் என் தலையில் கட்டினார்கள்.

அதிகாரி மனுவை வாங்கிக்கொண்டு, "ஃபேன் இருக்குறது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார். என் பக்கத்தில் நின்ற என் கணவர், "நான் தான் சார் அதுக்கு கிரீஸ் வெக்கிறவன்" என்றார்.

ஆய்வுக்கு ஆள் வந்தார்கள், சொல்லாமல் வந்தார்கள். இப்போது ராத்திரியிலும் பெரும்பாலும் ஃபேன் ஓடுகிறது. ஓடாத நாள் காலையில் துணி உலர்த்தப் போகிற பெண்களுக்கு முதலில் தெரிந்துவிடும். தெருவில் நின்றே ஆய்வுக்கு வந்த ஆபீஸுக்குப் போன் போட்டுவிடுகிறார்கள். நேற்று சின்னவளின் வெள்ளைச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து, உதறாமலேயே மடித்து வைத்தேன்.